இரவு பத்துக்குக் கதவடைப்பு

அத்தியாயம் 19

இன்னும் பதினைந்து மணி நேரம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு லோர்னா ஹுடாக், ஹேவர்ஸ் சூப்பர் மார்க்கெட்டின் நீலச் சட்டையைக் கழற்றி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். கண்ணாடிக் கதவு தானாகத் திறந்து வழிவிட்டது. இருபத்தேழு வருஷமாக அந்தக் கதவு ராத்திரி பகல் பார்க்காமல், யார் வந்தாலும் திறந்துகொண்டிருந்தது. இன்று ராத்திரி பத்து மணிக்கு அதை அடைக்கப் போகிறார்கள். இனிமேல் பத்திலிருந்து காலை ஆறு வரை கடை கிடையாது.

நோட்டீஸ் ஒட்டி மூன்று வாரம் ஆகிறது. ராத்திரியில் ஆள் வருவதில்லை, வருகிறவர்களிலும் பலர் காசு கொடுக்காமல் போய்விடுகிறார்கள், வேலைக்கும் ஆள் கிடைப்பதில்லை என்று கம்பெனி சொல்லியிருந்தது. மூன்றும் உண்மைதான். லோர்னா அதைப் பற்றி யாரிடமும் வாதாடவில்லை. செவ்வாய்க்கிழமையிலிருந்து அவளுக்குப் பகல் ஷிப்ட்.

அவளை உறுத்தியது வேறு. நேற்று அவள் வேலைக்குக் கிளம்பும்போது, டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல் அவள் புருஷன் வெர்ன் சொன்னான்: "நாளைக்கு ராத்திரி நானும் கடைக்கு வரேன்."

ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது.

வண்டி நிறுத்துமிடம் முழுக்க உப்பு தூவியிருந்தார்கள். பனி இளகவில்லை. இவ்வளவு குளிரில் உப்பு வேலை செய்யாது, அது வெறும் மணல் மாதிரி கிடக்கும். அது காலடியில் நொறுங்கியது. லோர்னா காரில் ஏறி, எஞ்சின் சூடாகும்வரை கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்குப் போவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். பத்து வாரமாகத் தினமும் இதே நேரத்தில் இதைத்தான் நினைத்தாள்.

---

நாலு வருஷத்துக்கு முன்னால் வெர்ன் தன் மகள் கோரினை வீட்டைவிட்டு வெளியே அனுப்பினான். அவள் மாத்திரைப் பழக்கத்தில் விழுந்திருந்த காலம். அவனுடைய வெல்டிங் மெஷினைத் தூக்கிக்கொண்டு போய் விற்றாள். அண்ணன் கர்ட்டின் காரை விற்றாள். அதன்பிறகு அவளே திரும்பி வந்து சமையலறையில் உட்கார்ந்து முட்டை கேட்டாள். வெர்ன் அன்றைக்கே வாசல் பூட்டை மாற்றினான். இந்த வீட்டு வாசலில் அவள் கால் வைக்கக் கூடாது என்றான். பேரைக்கூட அதன்பிறகு சொல்லவில்லை.

ஹேவர்ஸ் இந்த வீடு இல்லை. அது கோரினுக்கும் தெரியும், லோர்னாவுக்கும் தெரியும்.

ராத்திரி மூன்று மணிக்கு மேல் கோரின் வருவாள். சூப் டப்பா, ரொட்டி, சில நாள் ஒன்றுமில்லாமல் சும்மா. கடையில் ஒரு விதி உண்டு. குடும்பத்து ஆளுக்கு நாம் பில் போடக் கூடாது. அதனால் பக்கத்துக் கல்லாவில் இருக்கும் ஒடெல்தான் போடுவான். லோர்னா தன் கல்லாவை விட்டு வந்து, சாமான்களைப் பையில் எடுத்து வைப்பாள். சாமான் மூன்று இருக்கும். அந்த மூன்றை அவள் பத்து நிமிஷம் எடுத்து வைப்பாள். அம்மாவும் மகளும் பேசியதெல்லாம் அந்தப் பத்து நிமிஷங்களில்தான்.

எப்படியோ வெர்னுக்குத் தெரிந்துவிட்டது. ஒருநாள் காலை, காப்பி மெஷினைப் பார்த்தபடி கேட்டான்: "வந்தாளா?"

"வந்தா," என்றாள் லோர்னா. அன்றைக்கு அது உண்மை.

மறுநாள் சாயங்காலம் அவளுடைய சாப்பாட்டுப் பைக்குப் பக்கத்தில் ஒரு ஜோடி உல்லன் சாக்ஸ் இருந்தது. யாருக்கு என்று கேட்டாள். சும்மா கிடந்தது, எனக்குச் சின்னதாக இருக்கிறது என்றான். சாக்ஸில் விலைச் சீட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கப்புறம் நிலக்கடலை வெண்ணெய், இருமல் மருந்து, காதை மூடும் தொப்பி என்று ஒவ்வொன்றாக "சும்மா கிடந்தன".

நவம்பரில் ஒரு ராத்திரி, லோர்னா கடையில் இருந்தபோது, யங்ஸ்டவுன் ஆஸ்பத்திரியிலிருந்து அவளுக்குப் போன் வந்தது. அவள் மகன் கர்ட்டை எழுப்பிக்கொண்டு போனாள். ஒரு வாரம் கழித்து இருவரும் இன்னொரு தடவை போனார்கள். திரும்பும்போது கர்ட்டின் கையில் ஒரு சின்னப் பெட்டி இருந்தது.

முதல் தடவை யங்ஸ்டவுனிலிருந்து வந்து காலையில் வீட்டுக்குள் நுழைந்தபோது சொல்லத்தான் வந்தாள். வெர்ன் அடுப்படியில் நின்று பன்றிக்கறி வறுத்துக்கொண்டிருந்தான். முதுகைக் காட்டியபடியே கேட்டான்: "வந்தாளா?"

"வந்தா," என்று வாய் சொல்லிவிட்டது.

அவ்வளவுதான் நடந்தது. தினமும் பொய் சொல்ல முடியாமல், கோரின் இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மட்டும்தான் வருகிறாள் என்று பின்னால் சொல்லிவைத்தாள். வாரத்துக்கு ஒரு பொய் போதும் என்று நினைத்தாள். அவன் கொடுத்தனுப்பிய சாமான்களெல்லாம் அவள் கார் டிக்கியில் இருக்கின்றன.

---

வீட்டு வாசலில் மூன்று அட்டைப் பெட்டிகள் இருந்தன. கூடத்தில் நாலு. வெர்ன் மாடியிலிருந்து இன்னொன்றை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். டயர் ஆலை அவன் முழங்கால்களைத் தின்றுவிட்டுத்தான் அவனை வீட்டுக்கு அனுப்பியது.

கோரினின் அறை காலியாகிக்கொண்டிருந்தது. நாலு வருஷமாக அதில் அடைத்துவைத்த வீட்டுச் சாமான்களெல்லாம் வெளியே வந்துவிட்டன. கட்டிலில் புது விரிப்பு. மின்சாரப் போர்வையின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இப்போதே படுக்கையைச் சூடு பண்ணிப் பார்த்திருக்கிறான்.

லோர்னா அறை வாசலில் நின்றாள். உள்ளே போகவில்லை.

"நான் யோசிச்சுப் பாத்தேன்," என்றான் வெர்ன். "அவ நோட்டீஸ் எல்லாம் படிக்கிற ஆளா? மூணு மணிக்கு வந்து நிப்பா. கதவு பூட்டியிருக்கும். இந்தக் குளிர்ல எங்க போவா?"

"வெர்ன்."

"நான் டிரக்க எடுத்துட்டு வந்து பார்க்கிங்ல உக்காந்துக்கறேன். வந்தவொடனே ஏத்திக்கிட்டு வந்துடலாம்."

"எங்க?"

அவன் அவளை ஒரு மாதிரி பார்த்தான். "எங்கன்னா? இங்கதான்."

நாலு வருஷமாக அவள் கேட்க ஏங்கிய வார்த்தை அது. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள்.

இப்போது சொல்லலாம். இரண்டே வார்த்தை. அவன் கையில் தலையணை உறை இருந்தது. அதைத் திருப்பிப் போட்டு மூலைகளை வெளியே இழுத்துவிட்டுக்கொண்டிருந்தான். அவன் அந்த வேலையைச் செய்து அவள் பார்த்ததே இல்லை.

"அவ வராம இருந்தா?" என்றாள்.

"வருவா. ஞாயித்துக்கெழமைதான வரா? நீதான சொன்ன."

"அப்பப்ப வராமலும் இருப்பா."

"கிறிஸ்துமஸ்லேருந்து ஒரு வாரம்கூட விடல. நீ சொன்னதெல்லாம் நான் மறக்கல, லோர்னா." தலையணையைத் தட்டிப் போட்டான். "நீ போய்த் தூங்கு. முகம் செத்துப்போயிருக்கு."

அவள் போய்ப் படுத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவன் எதையோ இழுக்கும் சத்தம் மத்தியானம்வரை கேட்டுக்கொண்டிருந்தது.

---

பன்னிரண்டு மணிக்குக் கர்ட் வந்தான். குளிரில் டிரக்கின் பேட்டரி செத்துவிட்டது, உன் வண்டியைக் கொண்டு வந்து உயிர் கொடுத்துவிட்டுப் போ என்று அப்பா கூப்பிட்டிருந்தார். எதற்கு டிரக் என்று அவன் கேட்டதற்கு, உன் தங்கையைக் கூட்டி வர என்று பதில் வந்திருக்கிறது.

லோர்னா கோட்டை மாட்டிக்கொண்டு கராஜுக்குப் போனாள். கர்ட் இரண்டு வண்டிகளின் மூடியையும் திறந்துவைத்து பேட்டரி ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். இன்னும் மாட்டவில்லை.

"அவரு ரூம காலி பண்ணியிருக்காரு," என்றான்.

"தெரியும்."

"போர்வை வாங்கியிருக்காரு. நீ பாத்துக்கிட்டு நின்ன."

கராஜ் கதவின் அடியில் காற்று விசிறிப் பனித்தூளை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது.

கர்ட் குரலை உயர்த்தவில்லை. அவன் எப்போதும் கத்துகிற ஆள் இல்லை. போன வாரம் கிறிஸ்துமஸ் விளக்குகளைத் தன் வீட்டுக் கீழ்த்தளத்தில் எடுத்துவைக்கும்போது அவன் மனைவி பேஜ் அலமாரியில் அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டாள் என்று சொன்னான். என்ன என்று கேட்டிருக்கிறாள். பேஜிடமும் சொல்ல வேண்டாம், பேஜுக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரியும் என்று நவம்பரிலேயே லோர்னா அவனிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

"பெயிண்ட் டப்பான்னு சொன்னேன்மா. எந்தங்கச்சிய நான் பெயிண்ட் டப்பான்னு சொன்னேன்."

"கர்ட்."

"பேஜ் தூக்கிப் பாத்துட்டு, உள்ள பெயிண்ட் காஞ்சு கெட்டியாயிருக்கும், தூக்கிப் போட்டுடலாமான்னு கேக்கறா."

லோர்னா பெஞ்சில் உட்கார்ந்தாள். வெல்டிங் மெஷின் இருந்த இடத்தில் நாலு கால் தடம் மட்டும் சிமெண்டில் இருந்தது.

"அவருகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"நான் சொல்றேன்."

"எப்ப?"

"இன்னிக்கி. ராத்திரிக்குள்ள."

"தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு முன்னாடியும் இதான சொன்ன."

அவன் ஒயரை வைத்துவிட்டு உள்ளே நடந்தான். நானே சொல்லிவிடுகிறேன் என்றான். அவளால் எழுந்து தடுக்க முடியவில்லை. தடுக்க விரும்பினாளா என்றும் தெரியவில்லை. கராஜில் தனியாக உட்கார்ந்து, வீட்டுக்குள்ளிருந்து வரப்போகும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். அவள் வாழ்க்கையில் முதல் தடவையாக, வேறு யாராவது அந்தச் சுமையை வாங்கிக்கொள்ளட்டும் என்று வெட்கமில்லாமல் ஆசைப்பட்டாள்.

சத்தம் வந்தது. மரம் மரத்தில் உரசும் சத்தம்.

போய்ப் பார்த்தாள். மாடிப்படியில் கர்ட்டும் வெர்னும் கோரினின் முகம் பார்க்கும் கண்ணாடி மேஜையை மேலே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கீழ்ப்பக்கம் கர்ட். பாரமெல்லாம் அவன்மேல். மேலே வெர்ன் மூச்சு வாங்க, கொஞ்சம் தூக்கு, இடதுபக்கம், சுவரு சுவரு என்று சொல்லிக்கொண்டிருந்தான். வெர்னின் முகம் சிவந்திருந்தது. அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

கர்ட் திரும்பி அம்மாவைப் பார்த்தான். உடனே முகத்தை மேஜைப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

டிரக்குக்கு உயிர் வந்தது. கர்ட் கிளம்பும்போது கார் கண்ணாடியை இறக்கி, ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அவரு என்கிட்ட, நான் அவகிட்டக் கொஞ்சம் ஓவரா நடந்துக்கிட்டேனாடான்னு கேட்டாரு. என்னால முடியல."

"என்ன சொன்ன?"

"இல்லப்பான்னேன்."

---

ராத்திரி ஒன்பது மணிக்கு ஹேவர்ஸில் என்றைக்குமில்லாத கூட்டம். இவ்வளவு பேர் ராத்திரியில் வந்திருந்தால் கடையை அடைக்கவே வேண்டியிருக்காது என்று லோர்னா நினைத்தாள். கல்லூரிப் பிள்ளைகள் கதவு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரி நர்சுகள் இருவர், இனிமேல் ஷிப்ட் முடிந்து எங்கே போய்ப் பால் வாங்குவது என்று பேசிக்கொண்டு போனார்கள். தினமும் ராத்திரி வந்து ஒரே ஒரு வாழைப்பழம் வாங்கும் கிழவர், இன்றைக்கும் ஒன்றுதான் வாங்கினார்.

மேனேஜர் கெண்ட்ரா வாசலில் பூட்டுக்காரருடன் நின்றாள். மூன்று நாளாக ஊழியர்கள் எல்லோரும் இதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கடையை அடைக்க நாள் குறித்த பிறகுதான், கதவுக்குச் சாவியே இல்லை என்பது தெரிந்தது. திறந்த நாளிலிருந்து யாரும் பூட்டியதில்லை. சாவித் துவாரத்துக்குமேல் மூன்று தடவை பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். ஒரு பெரிய பனிப்புயலில் மேலிடம் அடைக்கச் சொன்னபோதும், ஊழியர்கள் தள்ளுவண்டிகளை வரிசையாகக் கதவுக்குக் குறுக்கே நிறுத்திவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். இப்போது பூட்டுக்காரர் புதுப் பூட்டு மாட்டி, சாவியைப் போட்டு, எடுத்து, மறுபடி போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்.

வெர்ன் இதையெல்லாம் கவனிக்கவில்லை. தள்ளுவண்டியை எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாகப் போனான். இந்தக் கடைக்கு அவன் வந்து வருஷக்கணக்காகிறது. எது எங்கே என்று தெரியாமல், ஆனால் லோர்னாவிடமும் கேட்காமல் தேடினான். தேன் போட்ட ஓட்ஸ், பீச் பழ டப்பா, சாக்லேட் பால். பதினைந்து வயதில் கோரினுக்குப் பிடித்தவை. அதற்குமேல் அவளுக்கு என்ன பிடிக்கும் என்று அவனுக்குத் தெரியாது.

"இப்பவும் இந்தப் பால் குடிப்பாளா?" என்று ஒருதடவை மட்டும் கேட்டான்.

"குடிப்பா," என்றாள் லோர்னா.

குடிப்பாள் என்று சொன்னது சரியா, குடித்தாள் என்று சொல்வது சரியா என்று அவள் மனம் ஒருகணம் தடுமாறியது. வண்டி நகர்ந்துவிட்டது.

பத்து மணி நெருங்கியபோது கூட்டம் கரைந்து, கல்லாக்களில் ஒன்றில்தான் ஆள் இருந்தது. ஒடெல். உயரமானவன், அறுபதை நெருங்குகிறவன், தாடி நரைத்தவன். லோர்னாவைப் பார்த்துத் தலையசைத்தான். வெர்ன் சாமான்களை ஓடும் ரப்பர் பட்டையில் எடுத்து வைக்காமல், கல்லாவைச் சுற்றிப் போய்க் கையை நீட்டினான்.

"நீங்கதான் ஒடெல்லா? நான் வெர்ன். இவ புருஷன். கோரினோட அப்பா."

ஒடெல் கையைக் கொடுத்தான்.

"எம் பொண்ணுக்கு நீங்கதான் பில் போடுவீங்களாம். நான் ஒரு நன்றிகூடச் சொன்னதில்ல."

"அதெல்லாம் என்ன சார்," என்றான் ஒடெல். "நல்ல பொண்ணு. பாத்து ரொம்ப நாளாச்சு. நல்லாருக்காளா?"

கல்லாவின் பட்டை சும்மா ஓடிக்கொண்டிருந்தது.

"போன ஞாயித்துக்கெழம வந்தாளே," என்றான் வெர்ன்.

ஒடெல் லோர்னாவைப் பார்த்தான். லோர்னா ஒடெல்லைப் பார்த்தாள். அவளுடன் வருஷக்கணக்காக ராத்திரிகளைக் கழித்தவன் அவன். அவனிடமும் அவள் சொல்லவில்லை. கோரின் வேறு ஊருக்குப் போயிருக்கிறாள் என்று அவனாக நினைத்துக்கொண்டிருந்தான். இப்போது அவன் முகத்தில் ஏதோ மெல்ல இறங்கியது. தோள்கள் தாழ்ந்தன.

"அன்னிக்கி நான் லீவா இருந்திருப்பேன் சார்," என்றான்.

ஒடெல் ஞாயிற்றுக்கிழமை லீவு எடுத்ததே இல்லை. அது லோர்னாவுக்குத் தெரியும். எத்தனையோ காலை வேளைகளில் அதை அவள் வீட்டில் சொல்லியுமிருக்கிறாள்.

வெர்ன் தலையாட்டினான். சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துவைத்தான். ஒடெல் பில் போட்டான். லோர்னா பழக்கத்தில் பட்டையின் கோடிக்குப் போய்ப் பையைப் பிரித்துப் பிடித்தாள். ஓட்ஸ், டப்பா, பால். வழக்கம்போல நிதானமாக எடுத்துவைத்தாள். எடுத்துவைக்க ஏதுமில்லாமல் போன பிறகும் கை பைக்குள் இருந்தது.

வெளியே வரும்போது வெர்ன் சொன்னான்: "பாவம், வயசாச்சு போல. ஒண்ணும் ஞாபகம் வெச்சுக்க மாட்டேங்கறான்."

தள்ளுவண்டியின் கைப்பிடியில் அவன் விரல்கள் நடுங்கின. குளிர்தான் என்று அவள் நினைக்க முயன்றாள். அவர்கள் இன்னும் கதவைத் தாண்டவில்லை.

---

பத்து மணிக்குக் கெண்ட்ரா ஒலிபெருக்கியில் நன்றி சொன்னாள். கடைசி ஆட்கள் வெளியே வந்தார்கள். கண்ணாடிக் கதவு அவர்கள் பின்னால் மூடியது. மூடிய கதவை நோக்கி யாரோ ஒருவர் நடந்து போனார். கதவு திறக்கவில்லை. அவர் நின்று, ஒரு அடி பின்னால் போய், மறுபடி முன்னால் வந்து பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

உள்ளே விளக்குகள் வரிசை வரிசையாக அணைந்தன. அதன்பிறகு கூரைமேல் இருந்த சிவப்புப் பெயர்ப்பலகை அணைந்தது. நெடுஞ்சாலையிலிருந்தே தெரியும் பலகை அது.

டிரக்கில் வெர்னும் லோர்னாவும் உட்கார்ந்திருந்தார்கள். இருவருக்கும் நடுவில் சாமான் பை. ஒடெல்லின் கார் மெதுவாக அவர்களைத் தாண்டியது, நின்றது, போய்விட்டது.

"இவ்வளவு இருட்டா இருந்தா கிட்டக்கூட வரமாட்டா," என்றான் வெர்ன். முகப்பு விளக்கைப் போட்டான். வெளிச்சம் அடைத்த கதவின்மேல் விழுந்து கண்ணாடியில் திரும்பி அவர்கள் முகத்திலேயே அடித்தது.

"வீட்டுக்குப் போலாம் வெர்ன்."

"மூணு வரைக்கும் பாப்போம்."

"உன் முழங்கால் தாங்காது."

"தாங்கும்."

ஹீட்டர் இரைந்தது. அவன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தான். தலைமுடியை உள்ளங்கையால் படிய வாரிக்கொண்டான்.

"நான் மொதல்ல என்ன சொல்லணும்?" என்றான்.

"யார்கிட்ட?"

"அவகிட்ட. உனக்குத்தான் பேசிப் பழக்கம். எனக்கு என்ன வரும்? ஏன் மெலிஞ்சிருக்கன்னு கேட்டா கோவம் வரும் அவளுக்கு. வா வீட்டுக்குப் போலாம்னா, நீயாரு சொல்றதுக்கும்பா." மடியிலிருந்த தொப்பியைத் திருப்பி வைத்தான். "வண்டில ஏறு, குளுருதுன்னு மட்டும் சொல்றேன். அது போதுமில்ல?"

லோர்னா தலையை மட்டும் ஆட்டினாள்.

"வண்டில ஏறு, குளுருது," என்று அவன் கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தான். குரல் முரட்டுத்தனமாக வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொருதரம் சொன்னான். இந்தத் தடவை மெதுவாக.

அவளுக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. மூன்று மணி வரும். யாரும் வரமாட்டார்கள். அவன் அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வருவான். அதற்கடுத்ததும். இங்கே கதவு அடைத்தே இருக்கும், அவன் விளக்கைப் போட்டுக்கொண்டு சொல்லிப் பார்த்துக்கொண்டிருப்பான். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்.

பதினொன்றரைக்கு மேல் ஒரு வண்டி மஞ்சள் விளக்கு சுழல வளைந்து வந்து அவர்களுக்குப் பக்கத்தில் நின்றது. கனத்த கோட்டு போட்ட ஒரு பெண் இறங்கினாள். கம்பெனி இன்றைக்குத்தான் நியமித்த காவல் ஆள். கையிலிருந்த டார்ச்சைத் தரையைப் பார்த்துப் பிடித்துக்கொண்டு, வெர்ன் பக்கத்துக் கண்ணாடியைத் தட்டினாள். அவன் இறக்கினான்.

கடை மூடிவிட்டது என்றாள். தெரியும் என்றான். இனிமேல் பத்து மணிக்குமேல் இங்கே வண்டி நிற்கக் கூடாது, நின்றால் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள், புதுச் சட்டம், நான் போட்டதில்லை என்றாள். சலிப்பில்லாமல்தான் சொன்னாள். அவள் மூக்கு நுனி குளிரில் சிவந்திருந்தது.

"ஆளுக்காகக் காத்திருக்கோம்," என்றான் வெர்ன்.

"யாரு?"

"எம் பொண்ணு. அவளுக்குக் கடை மூடுனது தெரியாது. அதான்."

அந்தப் பெண் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பனித்தூள் பறக்கும் காற்றையும் பார்த்தாள். கொஞ்ச நேரமென்றால் நான் அந்தப் பக்கம் ஒரு சுற்றுப் போய்விட்டு வருகிறேன் என்றாள். நீங்கள் இருந்ததை நான் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம் என்றாள்.

"எத்தன மணிக்கு வருவாங்க?" என்று கேட்டாள்.

வெர்ன் லோர்னா பக்கம் திரும்பினான். "மூணுக்குத்தான? சொல்லு அவங்ககிட்ட."

டார்ச் வெளிச்சம் உயர்ந்து சாமான் பையைத் தொட்டு லோர்னாவின் முகத்தில் நின்றது. முன்பின் தெரியாத பெண். பதிலுக்காகப் பொறுமையாகக் குனிந்து நின்றாள். அவளுக்கு வேண்டியது ஒரு நேரம் மட்டும்தான்.

லோர்னா வெர்னைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணைப் பார்த்தே சொன்னாள்.

"வரமாட்டா. எங்க பொண்ணு நவம்பர்லயே செத்துப்போயிட்டா."